5.2 சிக்மா வந்தாச்சு, புதிய இயற்பியலும் வந்தாச்சா? பிளஸ் டூ மாணவி கேட்ட கேள்வி

தாம்பரம் வாத்தியார் | சனி, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நேற்று கடைசி பீரியடில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எனக்கே திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

அணுக்கரு பாடம் முடிந்து பாசிட்ரானில் வந்து நின்றோம். 1928-ல் டிராக் எழுதிய சமன்பாட்டில் எதிர்த்துகள் தலைகாட்டியது, 1932-ல் ஆண்டர்சன் அதைக் காஸ்மிக் கதிர்களில் பிடித்தார் என்றெல்லாம் சொன்னேன். துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகவே பிறக்கும், சந்தித்தால் ஜோடியாகவே அழியும் என்றேன். உடனே, "அப்போ ஆரம்பத்தில் ரெண்டும் சமமா இருந்திருந்தா எல்லாமே அழிஞ்சிருக்கணுமே சார், நாம எப்படி மிச்சமானோம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, விடை இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றேன். துகளும் எதிர்த்துகளும் சிதைகிற விதத்தில் சின்ன வித்தியாசம் உண்டு, 1964-ல் குரோனினும் ஃபிட்சும் அவர்கள் குழுவும் புரூக்ஹேவனில் அதைக் கண்டார்கள் என்றும் சொன்னேன். பையான் என்ற லேசான துகள்கள் இரண்டாகச் சிதையவே கூடாத நீண்ட ஆயுள் கேயான் என்ற துகள், சுமார் 22,700 சிதைவுகளில் 45 தடவை அப்படிச் சிதைந்தது. வகுப்பே அமைதியாகக் கேட்டது.

அவள் அதோடு விடவில்லை. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்து எல்.எச்.சி.பி. குழு இதே வித்தியாசத்தைப் பற்றி 2025 மார்ச்சில் அறிவித்த முடிவை எங்கோ படித்திருக்கிறாள். "5.2 சிக்மான்னா கண்டுபிடிப்புன்னு அர்த்தம்னு போட்டிருந்தது. ஆனா புதிய இயற்பியலுக்கு இன்னும் ஆதாரம் இல்லைன்னும் போட்டிருந்தது. ரெண்டும் எப்படி சார் ஒண்ணா இருக்க முடியும்?"

மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். தெரிந்தவர்கள் உதவுங்கள். இவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள் என்பதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

---

பறக்கும் ரயில் பயணி | சனி, இரவு 9.48

சார், எனக்கு அதற்கும் முந்தைய சந்தேகம். எதிர்ப்பொருள் என்பது நிஜமாகவே கையில் கிடைக்கிற ஒன்றா, இல்லை கணக்கில் மட்டும் வருவதா? நான் படித்தது காமர்ஸ். தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

---

பெட் ஸ்கேன் அக்கா | சனி, இரவு 10.15

தப்பே இல்லை தம்பி. எனக்கு அது தினசரி வேலை. இந்த ஊரில் ஒரு மருத்துவமனையில் பெட் ஸ்கேன் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பெட் என்பதில் வரும் 'பெ' பாசிட்ரானைக் குறிக்கும் எழுத்துதான்.

காலையில் ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரைக் கரைசல் ஈயப் பெட்டிக்குள் வந்து இறங்கும். அதன் அரை ஆயுள் 110 நிமிஷம்தான். டிராஃபிக்கில் வண்டி மாட்டினால் மருந்து வழியிலேயே கரைந்துபோகும், அதனால் அன்றைய நோயாளிகளின் வரிசையை மருந்து வரும் நேரத்தை வைத்துத்தான் போடுவோம். ஊசிக் குழலுக்கு மேல் கனமான டங்ஸ்டன் உறை மாட்டுவோம். இத்தனை வருஷம் ஆகியும் அதை ஒரு கையில் தூக்கும்போது மணிக்கட்டு இறங்கும். 10 மில்லிகியூரி ஏற்றினால் அந்த நேரத்தில் நோயாளியின் உடம்புக்குள் நொடிக்கு 37 கோடி சிதைவுகள் நடக்கும். கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாசிட்ரான் வெளியே வரும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது, பக்கத்து எலெக்ட்ரானில் மோதி இரண்டும் அழிந்துவிடும். அந்த இடத்திலிருந்து இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும், தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். சுற்றியிருக்கும் வளையம் அந்த ஜோடியை ஒரே கணத்தில் பிடித்தால், இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ கட்டி இருக்கிறது என்று தெரியும்.

ஊசி போட்டபின் நோயாளியை ஒரு மணி நேரம் பேசாமல் படுக்க வைப்போம். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படத்தில் அங்கேயும் வெளிச்சம் தெரியும். போன மாதம் ஒரு பாட்டி அந்த அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சைகையிலேயே "இப்ப எனக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார். எதிர்ப்பொருள் என்று அவருக்குச் சொல்லவில்லை. "சின்னச் சின்ன வெளிச்சம் வருது பாட்டி" என்றேன்.

வாழைப்பழத்திலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரான் அதிலிருந்தும் வரும். அதனால் எதிர்ப்பொருள் நிஜம்தான். நம்மைச் சுற்றி அதைக் குவியலாகப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

---

மேட்சயன்ஸ் பழைய மாணவன் | சனி, இரவு 11.40

அக்கா எழுதியதைப் படித்தபின் என் பதிலை இரண்டு தடவை மாற்றினேன். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பி.எச்.டி. முடித்தவன், துகள் இயற்பியல்தான் என் துறை. இப்போது வேறு வேலையில் இருந்தாலும் இதை விட்டதில்லை.

வாத்தியார் சார், மாணவியின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சிக்மா என்றால் 'எத்தனை படி தள்ளி' என்று பொருள், ஒரு படி என்பது அந்த அளவீட்டின் பிழை அளவு. எதிலிருந்து தள்ளி என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உங்கள் ஊர் ரயிலையே சொல்லுங்கள். "அஞ்சு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறேன்" என்று ஒருவர் போனில் சொன்னால், பீச்சிலிருந்தா செங்கல்பட்டிலிருந்தா என்று கேட்காமல் அவரைப் போய்ப் பார்க்க முடியுமா?

எல்.எச்.சி.பி.யின் 5.2 சிக்மா பூஜ்யத்திலிருந்து அளந்தது. லாம்டா-பி என்ற கனமான துகள் ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பையான் என்று சிதைகிறது. அதன் எதிர்த்துகளும் அதே மாதிரி எதிர்த்துகள்களாகச் சிதைகிறது. இரண்டின் வீதமும் சமமா என்பது கேள்வி. 2011 முதல் 2018 வரை சேர்த்த தரவில் கிடைத்த சுமார் 80,000 சிதைவுகளில் 2.45% வித்தியாசம் தெரிந்தது, பிழை ஏறக்குறைய 0.47%. இரண்டும் சமம் என்ற எண்ணம் அதோடு போனது. ஆனால் ஸ்டாண்டர்ட் மாடல் (துகள்களைப் பற்றி இன்று நம்மிடம் உள்ள அடிப்படைக் கோட்பாடு, அதற்கு அடங்காததைத்தான் 'புதிய இயற்பியல்' என்கிறோம்) இவை சமம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. வித்தியாசம் இருக்கும் என்றுதான் சொன்னது. ஆகவே இது கண்டுபிடிப்பும்தான், ஸ்டாண்டர்ட் மாடலுக்குள் அடங்குவதும்தான்.

இது ஏன் பெரிய செய்தி என்றால், 1964-லிருந்து பார்த்த வித்தியாசம் எல்லாமே மெசான்களில். கேயான், 2001-ல் பெல், பாபார் குழுக்கள் கண்ட பி மெசான், 2019-ல் சார்ம் மெசான், எல்லாமே ஒரு குவார்க்கும் (புரோட்டானுக்குள்ளும் இருக்கும் அடிப்படைத் துகள், சார்ம் அதில் ஒரு வகை) ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்தவை. நாமோ பேரியான்களால் ஆனவர்கள். புரோட்டான், நியூட்ரான் இரண்டுமே மூன்று குவார்க் கொண்ட பேரியான்கள். லாம்டா-பியும் அந்தக் குடும்பம்தான், அங்கே இந்த வித்தியாசத்தை உறுதியாகப் பார்த்தது இதுவே முதல் தடவை.

இப்போது இன்னொரு கதை. 2010-ல் சிகாகோ பக்கத்து ஃபெர்மி ஆய்வகத்தில் டி-ஸீரோ குழு ஒரு முடிவு வெளியிட்டது. பி மெசான்கள் ஜோடியாகப் பிறந்து, அதில் ஒன்று எதிர்த்துகளாக மாறிய பிறகு சிதைந்தால், இரண்டிலிருந்தும் வரும் மியூவான்கள் (எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) ஒரே மின்னூட்டத்தில் இருக்கும். எதிர் மின்னூட்ட ஜோடிகள் நேர் மின்னூட்ட ஜோடிகளைவிடக் கிட்டத்தட்ட 1% அதிகம் என்று எண்ணிச் சொன்னார்கள். பொருள் பக்கம் 1% சாய்வு! ஸ்டாண்டர்ட் மாடல் எதிர்பார்த்தது அதில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். அவர்கள் சொன்ன 3.2 சிக்மா, ஸ்டாண்டர்ட் மாடலின் கணிப்பிலிருந்து அளந்தது. எண் 5.2-ஐவிடச் சின்னதுதான், ஆனால் அது உண்மையாகியிருந்தால் பாடப்புத்தகத்தையே மாற்றி எழுதியிருப்பார்கள். நாங்கள் அப்போது கேன்டீனில் டீ ஆறிப்போகப் பேசியது இன்றும் நினைவிருக்கிறது. 2011-ல் அது 3.9 சிக்மா ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி டி-ஸீரோ இயங்கிய டெவட்ரான் எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு எல்.எச்.சி.பி. தன் வழியில் அளந்தபோது பூஜ்யத்தோடு ஒத்துப்போகிற எண்ணே வந்தது. அந்தக் குறிப்பு உறுதியாகாத அறிகுறியாகவே நின்றுபோனது.

பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரம், மாடலிலிருந்து எவ்வளவு தூரம். மாணவிக்கு இந்த இரண்டு அளவுகோலையும் பலகையில் வரைந்து காட்டுங்கள் சார்.

---

தாம்பரம் வாத்தியார் | ஞாயிறு, காலை 6.35

ரொம்ப நன்றி தம்பி. ரயில் உதாரணம் அப்படியே வகுப்புக்குப் போகும். ஒன்று மட்டும் இடிக்கிறது. மாடலிலிருந்து தூரம் அளக்க வேண்டுமானால் மாடல் ஒரு எண் தர வேண்டும் அல்லவா? லாம்டா-பிக்கு அது என்ன எண் தருகிறது?

---

கணக்கு நோட்டு | ஞாயிறு, காலை 8.10

அந்த எண்ணைத் துல்லியமாகத் தர முடியவில்லை என்பதுதான் சிக்கல் சார். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம், பிளஸ் டூ திரிகோணமிதி போதும். நான் ஆவடியில் ஐ.டி. வேலை, இது விடுமுறை நாள் பைத்தியம்.

ஒரு துகள் ஒரே முடிவுக்கு இரண்டு வழியில் சிதையலாம் என்று வையுங்கள். ஒவ்வொரு வழியும் ஒரு அலை. இரண்டு அலையும் உயரம் 1. இரண்டுக்கும் நடுவே கோண வித்தியாசம் இருந்தால், சேர்ந்த அலையின் வலு 2 + 2 × அந்தக் கோணத்தின் காஸ்.

இந்தக் கோணம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, துகளைச் சிதைய வைக்கும் மெல்விசை தரும் கோணம். எதிர்த்துகளுக்குப் போகும்போது இதன் குறி தலைகீழாகும். இன்னொன்று, குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசை தரும் கோணம். இது துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் ஒன்றுதான். மெல்விசைக் கோணம் 60 பாகை, வல்விசைக் கோணம் 30 பாகை என்று வைப்போம். துகளுக்கு 60 + 30 = 90, அதன் காஸ் பூஜ்யம், வலு 2. எதிர்த்துகளுக்கு −60 + 30 = −30, காஸ் 0.866, வலு 3.73. பெரிய வித்தியாசம்!

இப்போது வல்விசைக் கோணத்தைப் பூஜ்யமாக்குங்கள். 60-க்கும் −60-க்கும் காஸ் ஒன்றுதான், இரண்டு பக்கமும் வலு 3. வித்தியாசம் மறைந்துவிட்டது. மெல்விசையில் துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் நடுவே சமச்சீரின்மை இருந்தும் வெளியே தெரியவில்லை. ஒரே வழி மட்டும் இருந்தாலும் தெரியாது, ஒப்பிட இன்னொரு அலை வேண்டும்.

மெல்விசைக் கோணம் 1973-ல் கோபயாஷியும் மாஸ்காவாவும் சொன்னதிலிருந்து வருகிறது. அவர்கள் எழுதியபோது மூன்று குவார்க்தான் தெரியும். இந்தக் கோணம் இருக்க வேண்டுமானால் ஆறு வேண்டும் என்றார்கள், 1995-க்குள் ஆறும் கிடைத்தன. 2008-ல் நோபல். அந்தப் பக்கம் நமக்கு நன்றாகத் தெரியும். வல்விசைக் கோணத்தைத்தான் கணக்கிட முடியாமல் திணறுகிறார்கள். குவார்க்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் இடம் அது. லாம்டா-பி சிதைவில் நடுவே தோன்றி மறையும் இடைத்துகள்களைப் பொறுத்து இந்தக் கோணம் இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் ஒரு பகுதியில் மட்டும் வித்தியாசம் 5.4% வரை போனது. 2.45 என்பது எதிர்பார்த்ததா, கூடுதலா என்று இன்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

---

பறக்கும் ரயில் பயணி | ஞாயிறு, காலை 9.02

காஸ் கணக்கு எனக்கே புரிந்தது அண்ணா. பேப்பரில் போட்டுப் பார்த்தேன், 3.73 வந்தது. அந்த எண் வந்த நிமிஷம் கொடுத்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

---

ஓய்வுபெற்ற ஆடிட்டர் | ஞாயிறு, காலை 10.30

ஒரு ஆதங்கத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருஷமாக அறிவியல் செய்திகளை ஆசையாகப் படிக்கிறவன் நான். மாதத்துக்கு ஒரு குறிப்பு வருகிறது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அது இல்லை என்கிறார்கள். 2021-ல் பி மெசான் எலெக்ட்ரானையும் மியூவானையும் வேறு வேறாக நடத்துகிறது, 3.1 சிக்மா என்றார்கள். 2022 டிசம்பரில் அதே குழு, சரிபார்த்தோம், மாடலோடு ஒத்துப்போகிறது என்றது. இத்தனை தடவை தவறும் ஒரு கணக்கை என் தொழிலில் யாரும் கையெழுத்திட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

---

மேட்சயன்ஸ் பழைய மாணவன் | ஞாயிறு, பகல் 12.20

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணத்தில் தப்பைக் கண்டுபிடித்தது யார்? அதே குழு. எலெக்ட்ரான் என்று எண்ணியவற்றில் வேறு துகள்கள் கலந்திருந்ததைத் தாங்களே தோண்டி எடுத்துத் தாங்களே வெளியிட்டார்கள். நீங்கள் உங்கள் தொழிலில் கேட்பதும் இதுதானே?

இன்னொன்றும் இருக்கிறது. 2011-ல் எல்.எச்.சி.பி. சார்ம் மெசானில் 0.82% வித்தியாசம், 3.5 சிக்மா என்றது. யாரும் எதிர்பாராத அளவு. தரவு கூடக்கூட அது கரைந்தது, 2014 வாக்கில் போயே போய்விட்டது என்று நினைத்தோம். அவர்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. 2019-ல் 5.3 சிக்மாவோடு அதே அளவீட்டில் வித்தியாசம் உறுதியானது. ஆனால் அது 0.154%, முதலில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் குறிப்பு பெரும்பாலும் புள்ளியியல் ஆட்டம். அதன் அடியில் உண்மையான ஒன்று மிகச் சிறியதாக இருந்தது. குறிப்பு செத்தது என்று அன்றே கடையை மூடியிருந்தால் அது கிடைத்திருக்காது.

அந்த 2019 முடிவுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. சார்ம் மெசான் இரண்டு கேயானாகச் சிதைவதிலும் இரண்டு பையானாகச் சிதைவதிலும் வித்தியாசம் ஏறக்குறைய சம அளவில், எதிர்க் குறியோடு வர வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. 2022-ல் தனித்தனியாகப் பிரித்தபோது இரண்டும் ஒரே குறியில் வந்தன. பையான் பக்கம் 0.23%, கேயான் பக்கம் 0.08%. எதிர்பார்ப்பிலிருந்து 2.7 சிக்மா விலகல். எனக்கு இது மேல்தான் கண். வல்விசையின் விளையாட்டாகவும் இருக்கலாம், புதிய துகள் ஒன்றின் நிழலாகவும் இருக்கலாம்.

---

பெட் ஸ்கேன் அக்கா | ஞாயிறு, மாலை 4.45

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் எந்திரத்தை தினமும் காலையில் தெரிந்த அளவுக் கதிர்மூலம் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் முதல் நோயாளியை உள்ளே விடுவோம். ஒரு நாள் வளையத்தில் ஒரு பகுதி சரியாக எண்ணாமல் போய், கட்டி இல்லாத பக்கம் மங்கலாகத் தெரிந்தது. நல்லவேளை, காலைச் சோதனையிலேயே பிடித்துவிட்டோம். 2% வித்தியாசம் தேடுகிறவர்கள் தங்கள் எந்திரமே ஒரு பக்கம் சாயவில்லை என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

---

மேட்சயன்ஸ் பழைய மாணவன் | ஞாயிறு, இரவு 8.05

அக்கா, இந்தத் துறையில் பாதி உழைப்பு அங்கேதான் போகிறது.

முதல் தொல்லை, எந்திரம் முழுக்கப் பொருளால் ஆனது. இரும்பு, சிலிக்கான், அலுமினியம் எல்லாமே பொருள். எதிர் மின்னூட்டக் கேயான் அந்த அணுக்கருக்களோடு எளிதில் மோதிக் காணாமல்போகும். நேர் மின்னூட்டக் கேயான் அவ்வளவு எளிதில் மோதாது, கூடுதலாகத் தப்பிக்கும். ஆக, இயற்கை சமமாகத் தந்தாலும் எந்திரம் சமமாக எண்ணாது. டி-ஸீரோ கதையிலும் இதுதான் தலைவலி. தப்பிய நேர் மின்னூட்டக் கேயான்கள் வழியில் நேர் மின்னூட்ட மியூவானாகச் சிதைந்து கணக்கைக் குழப்பும். எவ்வளவு குழப்பும் என்று அளந்து கழித்த பிறகுதான் அந்த 1% கிடைத்தது. கழித்தது சரிதானா என்பதுதான் அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி.

இரண்டாவது, காந்தம். நேர் மின்னூட்டத் துகள் இடப்பக்கமும் எதிர் மின்னூட்டத் துகள் வலப்பக்கமும் வளையும். வலப்பக்கக் கருவி கொஞ்சம் மந்தமாக இருந்தால் அதுவே பொய் வித்தியாசம் ஆகும். அதற்காகக் காந்தத்தின் திசையை அவ்வப்போது தலைகீழாக மாற்றுவார்கள். இடது வலதாகும், வலது இடதாகும். இரண்டு தரவையும் சேர்த்தால் கருவியின் சாய்வு பெரும்பாலும் அடிபட்டுப்போகும். டி-ஸீரோவும் செய்தது, எல்.எச்.சி.பி.யும் செய்கிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் காலைச் சோதனை மாதிரியேதான். லாம்டா-பி வேறொரு வழியிலும் அதே நான்கு துகள்களைத் தரும். முதலில் சார்ம் கொண்ட லாம்டா-சியும் ஒரு பையானும் ஆகி, அந்த லாம்டா-சி புரோட்டான், கேயான், பையான் ஆகும். அந்த வழியில் சமச்சீரின்மை இருக்கக் காரணம் இல்லை. அதே புரோட்டான், அதே கேயான், அதே பையான்கள், அதே எந்திரம். அதில் தெரிகிற சாய்வு எந்திரத்தோடதும், மோதலில் லாம்டா-பி தன் எதிர்த்துகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிறப்பதோடதும்தான். அதைக் கழித்தால் மிஞ்சுவது இயற்கையோடது.

---

வேளச்சேரி ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 9.30

இதில் நம் ஊர் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா? தேனியில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகம் இதற்காகத்தானா?

---

கணக்கு நோட்டு | ஞாயிறு, இரவு 10.10

தேனி பொட்டிபுரம் திட்டத்தின் முக்கிய நோக்கம் நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் காண்பது. சமச்சீரின்மையை நேராக அளப்பது அல்ல. நியூட்ரினோவில் அதைத் தேடுவது ஜப்பானின் டி2கே, அமெரிக்காவின் நோவா போன்றவை. டி2கே, தோகாயிலிருந்து 295 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூப்பர் காமியோகாண்டேவுக்குக் கற்றை அனுப்பி, 2020-ல் ஒரு குறிப்பு தந்தது. அதுவும் இன்னும் குறிப்புதான். தேனி விவகாரம் பெரிய விவாதம், அதற்குத் தனி இழை போடுங்கள்.

---

மேட்சயன்ஸ் பழைய மாணவன் | ஞாயிறு, இரவு 10.50

நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். கிண்டி ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு ஜப்பானின் பெல் 2 சோதனையில் பங்கு வகிக்கிறது. பெல் 2-வின் சிலிக்கான் கருவியில் ஒரு அடுக்கையே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்து கொடுத்தார்கள்.

அங்கே ஒரு பழைய புதிர் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்னூட்டமில்லாத பி மெசான் ஒரு கேயானும் பையானும் ஆகும்போது வித்தியாசம் சுமார் −8%. மின்னூட்டமுள்ள பி மெசான் கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் மின்னூட்டமில்லாத பையானோடு சிதையும்போது சுமார் +3%. சும்மா கூட வருகிற ஒரு குவார்க்தான் இரண்டுக்கும் வேறுபாடு, எண்கள் அருகருகே இருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. குறியே மாறிவிட்டது. இந்தப் புதிரைத் தீர்க்க, மின்னூட்டமே இல்லாத கேயானும் மின்னூட்டமே இல்லாத பையானும் வருகிற சிதைவை நன்றாக அளக்க வேண்டும். புரோட்டான் மோதலின் குப்பைக்குள் அதைப் பொறுக்குவது மிகக் கடினம். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் பெல் 2-வில் சூழல் சுத்தம், அதனால் அங்கே முடியும். அக்கா தினமும் பார்க்கிற அதே பாசிட்ரான்தான், இங்கே மோதி பி மெசான்களைப் பிறப்பிக்கிறது.

வாத்தியார் சாருக்கு இன்னொன்று. உங்கள் தாம்பரம் கிறிஸ்டியன் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன்தான் 1957-ல் மார்ஷாக்கோடு சேர்ந்து மெல்விசையின் வடிவத்தையே எழுதியவர். அது இடது வலது பேதம் பார்க்கிற விசை என்பது அந்தச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கல்லூரி வாசலைத் தினமும் கடந்துதானே போகிறார்கள், அவசியம் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற ஆடிட்டர் | திங்கள், காலை 7.15

தம்பி சொன்ன சார்ம் கதையை நேற்று இரவெல்லாம் யோசித்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம். தெரிந்த வித்தியாசங்களை எல்லாம் கூட்டினால் பிரபஞ்சக் கணக்கு சரியாகிறதா?

---

மேட்சயன்ஸ் பழைய மாணவன் | திங்கள், இரவு 9.00

ஆகவில்லை ஐயா. பெரிய பற்றாக்குறை.

பிரபஞ்சத்தில் இன்று சுமார் 160 கோடி ஒளித்துகளுக்கு ஒரு புரோட்டானோ நியூட்ரானோ இருக்கிறது. அந்த ஒளி எல்லாம் ஆதியில் நடந்த அழிவின் மிச்சம். ஏறக்குறைய 100 கோடி எதிர்த்துகளுக்கு 100 கோடியே ஒன்று என்று பொருள் இருந்திருக்கிறது, அந்த ஒன்றுதான் நாம். 1967-ல் சாகரோவ், அந்த ஒன்று மிஞ்ச மூன்று வேண்டும் என்றார். பேரியான் எண்ணிக்கை மாற வழி வேண்டும். துகளும் எதிர்த்துகளும் வேறாக நடக்க வேண்டும். இது நடக்கும்போது பிரபஞ்சம் வெப்பச் சமநிலையில் இருக்கக் கூடாது, இருந்தால் முன்னே போனது பின்னே வந்து கணக்கு நேராகிவிடும்.

ஸ்டாண்டர்ட் மாடலில் இரண்டாவது இருக்கிறது. ஆனால் அதன் அளவு தேவையைவிடப் பல கோடி மடங்கு குறைவு. மூன்றாவதற்கு, துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலம் விழித்த தருணம் உலைத் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ் குமிழாக நடந்திருக்க வேண்டும். ஹிக்ஸ் துகள் 125 கிகா எலெக்ட்ரான் வோல்ட் என்று 2012-ல் தெரிந்தது. அவ்வளவு கனமாக இருந்தால் வெயிலில் வெண்ணெய் இளகுவது போலச் சத்தமில்லாமல் மாறியிருக்கும், மூன்றாவது நிறைவேறாது.

ஆகவே புதிய இயற்பியல் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் எங்கள் எந்திரங்களில் இல்லை. நீங்களும் நானும் இருக்கிறோமே, அதுதான் ஆதாரம். அது எந்தச் சிதைவில் மாட்டும் என்று தெரியாததால் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். எல்.எச்.சி.பி. 2024 என்ற ஒரே ஆண்டில், லாம்டா-பி முடிவுக்குப் பயன்பட்ட அத்தனை ஆண்டுத் தரவையும்விடக் கூடுதலாகச் சேர்த்துவிட்டது. வல்விசைக் கோணத்தைக் கணக்கிடுகிறவர்களும் அதே வேகத்தில் வந்து சேர வேண்டும். எனக்குள்ள கவலை அதுதான்.

---

தாம்பரம் வாத்தியார் | வியாழன், இரவு 8.40

திங்கட்கிழமை இரண்டு அளவுகோலையும் ரயில் பாதையாக வரைந்தேன். மாணவிக்குப் புரிந்துவிட்டது, மற்றவர்களுக்குப் பாதி. அதனால் இன்று லேப் பீரியடில் பூவா தலையா போட வைத்தேன். 40 பேர், ஆளுக்கு 50 தடவை, மொத்தம் 2,000. கணக்கு நோட்டு தம்பியிடம் போனில் கேட்டு, எவ்வளவு ஆட்டம் வரலாம் என்று முதலிலேயே பலகையில் எழுதிவிட்டேன். 2,000-த்தின் வர்க்கமூலம் சுமார் 45.

தலை 1,031, பூ 969. வித்தியாசம் 62, அதாவது 3.1%. "எல்.எச்.சி.பி.யைவிட அதிகம் சார்!" என்று பின் பெஞ்சில் கைதட்டல். 62-ஐ 45-ஆல் வகுக்கச் சொன்னேன். 1.4 சிக்மா. கைதட்டல் நின்றது. 2.45 சதவீதத்தை 5 சிக்மாவோடு பிடிக்க எத்தனை தடவை சுண்ட வேண்டும் என்று அவர்களே போட்டார்கள். 41,000-க்கு மேல் வந்தது. ஒரு பையன் விரலைத் தேய்த்துக்கொண்டே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அந்த மாணவி எழுந்து, "நாணயமே கோணலா இருந்தா சார்?" என்றாள். பெட் ஸ்கேன் அக்கா கேட்ட அதே கேள்வி! நான் காந்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவிட்டாள். பாதிப் பேர் தலைப் பக்கமும் பாதிப் பேர் பூப் பக்கமும் பொட்டு ஒட்டிச் சுண்டட்டும், பொட்டு விழுந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணுவோம், நாணயத்தின் கோணல் அடிபட்டுப்போகும், பொட்டால் வருகிற சாய்வு மட்டும் மிஞ்சும் என்றாள்.

மணி அடித்துவிட்டது. நாளைக்கு நாலு அட்டை பொட்டு நான் வாங்கிக்கொண்டு போகிறேன். எண்ணிக்கையைச் சனிக்கிழமை இங்கே போடுகிறேன்.